இது நான்தான்

குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் கூடத்துக்கு வந்தபோது, கொழுந்தன் இறந்தவரின் கட்டைவிரலைப் பிடித்துக் கைப்பேசியின் மேல் அழுத்திக்கொண்டிருந்தான். விரலைத் துண்டால் துடைத்தான். மறுபடி அழுத்தினான். திரை லேசாக அதிர்ந்து, மீண்டும் முயற்சிக்கவும் என்றது.

"என்ன தம்பி பண்றீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணி. வண்டி வந்துட்டா அப்புறம் எதையும் திறக்க முடியாது. கரண்டு பில்லுலேர்ந்து எல்லாத்தையும் அண்ணன் இதுக்குள்ளதான் பூட்டி வெச்சிருக்காரு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் கணவர் ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர். அங்கே அவருக்குப் பெயரே பூட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கி, திரும்பி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர். ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருப்பவர்களைக் கண்டால் பல்லைக் கடிப்பார். அவருடைய கைப்பேசியில் கடவுச்சொல் பெட்டகம் என்று ஒரு செயலி இருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் வாயில் நுழையாத ஒரு கடவுச்சொல்லை அதுவே உண்டாக்கும், அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். கைப்பேசி, அலுவலகக் கணினி, வீட்டு மடிக்கணினி என்று அவர் எதைத் திறந்தாலும் கூடவே வந்து நிற்கும். அந்தப் பெட்டகத்தின் ஒற்றைத் தலைமைச் சொல் மட்டும் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை இப்போது தலையணையின் மேல் அசையாமல் கிடந்தது.

காலையில் டீயைக் கொண்டுபோய் வைத்து எழுப்பினாள். எழவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்று மருத்துவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அந்தக் கையை வாங்கி அவர் மார்பின் மேல் பழையபடி வைத்தாள். பல தடவை தவறிவிட்டதால் இனி விரலை ஏற்க மாட்டேன், எண்ணைப் போடு என்று கைப்பேசி அடம்பிடித்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கரண்டு பில்லை யாரிடமாவது கேட்டுக் கட்டிக்கொள்ளலாம். அவளுக்குக் கவலை யானைக்காரரைப் பற்றி.

யானைக்காரர் அவள் கணவருடைய சதுரங்கக் கூட்டாளி. எந்த ஊர், என்ன வேலை, தெரியாது. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் பல வருடமாக ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் இரவில் ஒரு காயை நகர்த்திவிட்டுப் படுப்பார். அவர் காலையில் ஒன்றை நகர்த்துவார். யானையை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். "யானைக்காரர் பேத்திக்கு நடக்க வந்துடுச்சாம்" என்று சொந்தக்காரர் வீட்டுச் சேதிபோல இவர் வந்து சொல்வார். இவர் மனம்விட்டுப் பேசியது இந்த உலகத்தில் இரண்டே பேரிடம்தான். ஒருத்தி இங்கே நிற்கிறாள். இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது? அந்தத் தளத்தின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

வண்டி வந்தது. எடுத்துப் போனார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பி, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியபின், கொழுந்தனும் காலையில் வருவதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனான். போகும்போது அண்ணனின் கைப்பேசியைப் பழக்கதோஷத்தில் அலமாரி மேல் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். பூட்டை இழுத்துப் பார்க்க ஆளில்லாத வீடு எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பயமாகக்கூட இருந்தது.

சும்மா உட்கார முடியாமல் தன் கைப்பேசியை எடுத்தாள். அதிலும் ஒரு பெட்டகத்தை அவர் வைத்துக் கொடுத்திருந்தார். தலைமைச் சொல்லுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்களாகச் சொல் என்றார். அவள் யோசிக்காமல் மாமியார், சிரிப்பு என்று ஆரம்பித்தாள். பெற்ற தாயாயிற்றே என்றுகூடப் பார்க்காமல் விழுந்து விழுந்து சிரித்தார். இதை எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

சொற்களைப் போட்டாள். திறந்தது. அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. நீங்கள் இன்னும் ஏற்காத அழைப்பு ஒன்று உள்ளது, மின்னஞ்சலைப் பாருங்கள்.

அவளுக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. போன வாரம் வந்த அஞ்சல் அது. தன் பெட்டகத்துக்கு உங்களை அவசரகால உதவியாளராக நியமிக்க விரும்புகிறார், ஏற்க இங்கே தொடவும் என்று போட்டு, கீழே அவர் பெயர். அஞ்சலில் வரும் எதையும் தொடாதே, என் பெயரிலேயே வந்தாலும் தொடாதே என்று அவளுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். அவள் அதைக் குப்பைக்குத் தள்ளிவிட்டு, அவர் வந்ததும் பெருமையாகச் சொன்னாள்.

"உங்க பேர்ல ஒருத்தன் வலை விரிச்சான். இது நான்தான்னு வேற எழுதியிருக்கான், திருட்டுப் பய. நான் மசிவேனா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை நிறுத்தினார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"பலே. தேறிட்ட நீ."

அவ்வளவுதான். அதற்கு முன்பு ஒருநாள் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஆரம்பித்தவரை அவள்தான் வாயை மூடச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

குப்பையிலிருந்து அஞ்சலை எடுத்தாள். அவர் தன் கையால் சேர்த்திருந்த வரி மேலேயே இருந்தது. இது நான்தான். பயப்படாமல் தொடு.

தொட்டாள். ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. நன்றி, அழைப்பை ஏற்றுக்கொண்டீர்கள், அழைத்தவர் உறுதி செய்ததும் அவரது பெட்டகத்தைத் திறக்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்கும் என்றது திரை.

அலமாரி மேல் டிங் என்று ஒரு சத்தம்.

எழுந்து போய்ப் பார்த்தாள். பூட்டிய திரையில் இரண்டு செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. உங்கள் அவசரகால உதவியாளர் ஏற்றுக்கொண்டார், உறுதி செய்யவும். அதன் கீழே, காலையிலேயே வந்தது: எதிராளி நகர்த்திவிட்டார், இனி உங்கள் முறை.

திரை மங்கத் தொடங்கியது. அணைவதற்குள் அவள் விரலால் தொட்டாள். மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.