விழப் பழகிய நாள்

வைக்கீக்கி கடற்கரையில் காலை ஏழு மணிக்கு, மஞ்சள் பனியன் போட்ட ஐந்து சுற்றுலாக்காரர்களோடு நானும் மணலில் போட்ட பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இருபது அடி தள்ளி இருந்தது. அதற்குள்ளேயே திரும்பி ஓட வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் ஒரு பயம் என்றால், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம். நான் ஹவாய்க்காரி. அப்பா வழியில் எல்லோரும் இந்தக் கரையில் பலகை மேல் நின்று அலையேறியவர்கள். நான் பிறந்து வளர்ந்தது மட்டும் லாஸ் வேகஸ் பாலைவனத்தில். நாற்பத்து மூன்று வயதாகிறது, நேற்றுவரை அலைப்பலகையைத் தொட்டதுகூட இல்லை.

மறுநாள் காலை அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி உறவும் நட்பும் பலகைகளில் படுத்துத் துழாவி, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், வட்டமாக உட்கார்ந்து, மாலைகளைத் தண்ணீரில் விட்டு வழியனுப்புவார்கள். அஸ்தியைக் கொண்டுபோக வேண்டியவள் ஒரே மகளான நான்.

இதில் அப்பா ஒரு வேலை செய்துவைத்திருந்தார். முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் தன் தங்கைக்குப் போன் போட்டு, "நோஹேயா கலிபோர்னியா போயிருந்தா. ஆளுயர அலையில ஏறிட்டா தெரியுமா? என்னையே மிஞ்சிட்டா!" என்று என்னைப் பற்றி அளந்துவிட்டிருந்தார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். ஏன் இப்படிப் புளுகுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் வந்து இறங்கியதும் அந்தத் தங்கை, ஹௌநானி அத்தை, மாலை போட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கேட்டாள்: "எப்படிம்மா வர்றே? பலகையிலயா, துடுப்புப் படகுல எங்களோடவா? உன் இஷ்டம்." படகு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். செத்துப்போன மனுஷன் பொய்யனாகிவிடுவாரே என்று, "பலகைதான் அத்தை, வேறெப்படி?" என்றேன். விளைவு, அத்தைக்குத் தெரியாமல், தெரசா என்று பொய்ப்பெயர் கொடுத்து, பிலிப்பைன்ஸ்காரி என்று சொல்லிக்கொண்டு, இங்கே மணலில் கிடக்கிறேன்.

எங்களுக்கு அலையேற இரண்டு பேர் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தவன் பெயர் நகோவா. என்னைவிட நாலைந்து வயது சின்னவன், தோளெல்லாம் பச்சை குத்தியிருந்தான், வாய் ஓயவில்லை.

"தெரசாக்கா, பலகைய விடுங்க. அது மணல்ல ஓடாது."

"பழகட்டும்னு பிடிச்சிருக்கேன்."

"நீச்சல் தெரியும்னு எழுதியிருக்கீங்க. எங்க நீந்துவீங்க?"

"நீச்சல் குளத்துல."

"அங்க அலை வருமா?"

"குண்டா யாராவது குதிச்சா வரும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பலகையை விடவில்லை.

கடலுக்குள் போகிற வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே வந்தான். தலைகீழாகப் பாயக் கூடாது, கீழே பவளப்பாறை. பாயில் சாய்கிற மாதிரி தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பலகை மண்டையைப் பிளந்துவிடும். அவன் சொல்லச் சொல்ல, எப்படியெல்லாம் சாகலாம் என்பதுதான் எனக்குப் புரிந்தது. அடியில் பாறைகள் கருப்புக் கருப்பாய் நகர்ந்தன. கணுக்காலைப் பலகையோடு கட்டிய கயிற்றைக் காலால் இழுத்துப் பார்த்துக்கொண்டேன். 

"வருதுக்கா! நல்ல அலை, உங்களுக்குன்னே வருது!"

"வேண்டாம் தம்பி, அடுத்தது பார்க்கலாம்!"

அவன் என் பலகையைத் திருப்பி ஒரு தள்ளு தள்ளினான். "எந்திரிங்க! எந்திரிங்கக்கா!"

எங்கே எழுந்திருப்பது? முழங்காலை ஊன்றியதும் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. தலைகுப்புறப் போனேன். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. காதுக்குள் இரைச்சல். கயிறு ஒரு பக்கம் இழுத்தது, தண்ணீர் ஒரு பக்கம் உருட்டியது, முட்டியில் பாறை உரசியது. மூச்சுக்காக வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். செத்தேன் என்று நினைத்தேன். நாளைக்கு இரண்டு அஸ்தி என்றுகூடத் தோன்றியது.

தலை வெளியே வந்ததும் நான் பார்த்தது கரையை மட்டும்தான். பலகையை இழுத்துக்கொண்டு, இருமிக்கொண்டு, நீந்தியும் தவழ்ந்தும் போனேன். தண்ணீர் முட்டளவுக்கு வந்ததும் எழுந்து, கடலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கரையேறினேன்.

பின்னாலேயே வந்த நகோவா என்னை உற்றுப் பார்த்தான். "உங்கப்பா யாருக்கா?"

"எதுக்குக் கேக்குறே?"

"சுற்றுலா வர்றவங்க கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு துண்டத் தேடி ஓடுவாங்க. நீங்க அலைய விட்டுக் கண்ண எடுக்காம பின்னால நடக்குறீங்க. நம்ம வீடுகள்லதான் இப்படிப் பழக்குவாங்க."

வேகஸில், எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்திலிருந்துகூட அப்பா என்னை அப்படித்தான் ஏறவைப்பார். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"லோபாகா," என்றேன்.

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். "நோஹேயாக்காவா? அந்த ஆளுயர அலை?"

சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு எனக்கு எரிச்சலாக இருந்தது. "சிரிச்சுக்கோ. போய் ஊரெல்லாம் சொல்லு."

"ஊருக்கு எப்பவோ தெரியும்க்கா," என்றான். சிரிப்பு போயிருந்தது. "ஒரு குளிர்காலத்துல பெரிய அலை உங்கப்பாவ அமுக்கிருச்சு. எங்கப்பாதான் முடியப் பிடிச்சு வெளிய இழுத்தாரு. அப்புறம் அவரு பாதத்தக்கூட நனைக்கல. வேகஸுக்குப் போனதே அதனாலதான். அவரு உங்களுக்குக் கத்துக்கொடுத்தாருன்னா யாரு நம்புவா? ஆனா ஞாயித்துக்கிழம போன் வந்தா ஹௌநானி அத்தை ஸ்பீக்கர்ல போடுவாங்க. நாங்கல்லாம் சுத்தி உட்கார்ந்து, 'அப்படியா! ஆளுயரமா!'ன்னு கேப்போம். அந்தப் பேச்சு வந்தாதான் அவர் குரலே தெளியும்."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா பயந்தவர் என்பதே எனக்குத் தெரியாது. வேலைக்காகத்தான் ஊரை விட்டார் என்று நம்பியிருந்தேன்.

"அப்ப நான் எதுக்குடா இங்க வந்து சாகணும்?"

"அதான் நானும் கேக்குறேன். அத்தை படகுன்னு வழி விட்டாங்கன்னு எங்ககிட்ட சொன்னாங்களே? வீராப்பு!"

"சரி. படகுலயே வரேன்."

அவன் காற்று வரும் திசையைப் பார்த்தான். "வாங்க. ஆனா படகுல இருந்து தூவுனா காத்து திருப்பி எல்லார் மூஞ்சிலயும் அடிக்கும். இறங்கி, முங்கி, தண்ணிக்குள்ள விடணும். வேணும்னா நான் இறங்குறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் கடலைப் பார்த்தேன். அது கொஞ்சமும் நல்லதாக மாறியிருக்கவில்லை. "பயமா இருக்குடா."

"தெரியுது."

"என் வகுப்புல இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி?"

"முக்கால் மணி. நிக்கப் பழகணுமா?"

"விழப் பழகணும்."

பதினோரு முறை பலகையிலிருந்து விழுந்தேன். பதினோராவது முறையும் முதல் முறை மாதிரியே பயந்தேன். மேலே வரும் வழி மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் நான் படகில் ஏறியபோது அத்தை நகர்ந்து இடம் கொடுத்தாள். அலை உடையும் இடத்தைத் தாண்டி நாற்பது பலகைகள் வட்டமாக நின்றன. தண்ணீர் கருநீலமாக இருந்தது, அடி தெரியவில்லை. அஸ்தியைக் கட்டியிருந்த இலைப் பொட்டலம் என் மடியில் இருந்தது. பக்கத்தில் பலகையில் இருந்த நகோவா மெதுவாக, "நான் இறங்கட்டுமாக்கா?" என்றான்.

வேண்டாம் என்று தலையாட்டினேன்.  பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தட்டையாக விழுந்தேன்.

மறுபடி அதே இரைச்சல். முடிச்சை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை, பல்லால் இழுத்தேன். அப்பா மாவு கரைந்ததுபோல வெளியே வந்து என் கைகளைச் சுற்றிப் பரவினார். பயம் கொஞ்சமும் குறையவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து கடலில் இறங்கியது அதுதான் முதல் தடவை.