இருபத்தோராவது இடம்

மனித குலம் இதுவரை மூன்று பெரிய கதவுகளைத் திறந்திருக்கிறது: நெருப்பு, எழுத்து, ‘பனிமலைப் பயணம்’ விளையாட்டின் பையில் இருபத்தோராவது இடம். குராமோச்சி தெத்சுயா தமது அறுபத்து நான்கு பக்க உரையை இப்படித்தான் தொடங்கினார். கேட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஓர் அம்மாள் பூ அலங்கார வகுப்பு என்று நினைத்து அறை மாறி வந்து உட்கார்ந்தவர்.

ஒசாகாவில் நிப்பொன்பாஷி, நாலாம் மாடி, வாடகை அறை. பழைய வீடியோ கேம்களில் ஓட்டை தேடும் குழுவின் கூட்டம். குராமோச்சி லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சியாளர். அன்று கோட்டும் டையுமாக வந்திருந்தார். வெற்றியைக் கொண்டாட, பூரணம் வைத்த மஞ்ஜுப் பலகாரம் முப்பதை முன்கூட்டியே வாங்கியும் வந்திருந்தார்.

கண்டுபிடிப்பு என்னவோ அசல்தான். அந்தப் பழைய கையடக்க வீடியோ கேமில் வீரனின் பையில் இருபது இடந்தான். பொருள்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாற்றிப் போட்டால், இல்லாத இருபத்தோராவது இடம் திறக்கும். அதைத் தொட்டால் போதும். மூலிகை எட்டு, கயிறு மூன்று என்று பையில் கிடப்பதையெல்லாம் விளையாட்டு தனக்கு வந்த கட்டளை என்று நம்பி, பிசகாமல் நிறைவேற்றும். பதினோரு வருட உழைப்பு.

“உரை போதும், குராமோச்சி சென்செய்,” என்றாள் இகராஷி ஃபுயுமி. குழுவின் பதிவேடு அவள் கையில். “செஞ்சு காட்டுங்க. அசல் கருவி, அசல் கேசட், புது ஆட்டம்.”

“கடை வாசல்லேருந்து ஆரம்பிக்கலாமே?”

“முதல்லேருந்துதான். போன வருஷம் செகாவாவை மடக்க இந்த விதியைக் கொண்டு வந்ததே நீங்கதானே?”

குராமோச்சி டையைத் தளர்த்தினார். வீட்டில் அவர் ஆராய்ந்ததெல்லாம் கணினியில். வீரன் கடை வாசலில் நிற்கும் நிலையை யாரோ சேமித்துக் கொடுத்திருந்தார்கள். பதினோரு வருடமும் அங்கிருந்தே தொடங்குவார். கடைக்கு முன்னால் ஒரு குளம், குளத்தில் ஒரு தவளை என்று கேள்விப்பட்டதோடு சரி.

மணி மூன்று. ஐந்துக்கு அறையைக் காலி செய்யவேண்டும். அதற்குள் முடியாவிட்டால் அடுத்த வாய்ப்பு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செகாவாவுக்கு. அவனும் இதே ஓட்டையைத் தனியாகக் கண்டுபிடித்தவன். முதலில் செய்து காட்டுகிறவர் பெயர்தான் அந்த முறைக்கு.

தவளை நாக்கை நீட்டியது. வீரன் செத்தான்.

மறுபடி நீட்டியது. மறுபடி செத்தான்.

“சென்செய், அதுக்கு உங்க உரையைப் படிச்சுக் காட்டுங்க. தானா தூங்கிடும்,” என்றான் செகாவா.

நாலரை மணிக்குக் குராமோச்சி டையைக் கழற்றி எறிந்தார். பூ அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏந்தம்பி அதோட மல்லுக்கட்டுறீங்க? அது வாயைத் திறக்கறப்ப குதிங்க. எம்மவன் மூணாங்கிளாஸ்ல அப்படித்தான் தாண்டினான்.”

“வாயால சொல்லலாம், கை மட்டும் வைக்கக்கூடாது,” என்றாள் இகராஷி.

குதித்தார். தவளை மல்லாந்தது.

கடைக்குள் நுழைந்ததும் ஆளே வேறு. விரல்கள் பார்க்காமலே நடந்தன. மூலிகை எட்டு, கயிறு மூன்று, விளக்கு ஒன்று. மேலே, கீழே, மாற்று. செகாவாவின் சிரிப்பு நின்றது. இருபத்தோராவது இடம் திறந்தது. தொட்டார். திரை கறுத்தது. பிறகு, மூலிகையும் கயிறும் இட்ட கட்டளைப்படி, எழுத்தெழுத்தாக, முப்பது வருடத்துக்கு முன் அடைத்து விற்ற கேசட்டுக்குள்ளிருந்து வந்தது: குராமோச்சி.

முதலில் எழுந்து குனிந்து வணங்கியது செகாவாதான். “ஒத்துக்கறேன்யா. கொஞ்சங்கூடத் தடுமாறல. அழகு!”

குராமோச்சி மஞ்ஜுப் பெட்டியைத் திறந்து முதலாவதைப் பூ அம்மாளிடம் நீட்டினார். பதிவேட்டில் ‘குராமோச்சி முறை’ என்று எழுதப்படுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். மறுவாரமே அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சட்டம் போட்டு, கம்பெனி வரவேற்பறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார்.

விதிப்படி இகராஷி அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். வீரன் இறந்தது: பதினேழு முறை. காரணம்: தவளை.