மாமனார் ஒட்டிக்கொண்ட சனிக்கிழமை

நாற்காலியின் கால் ஒட்டவே இல்லை. ஒட்டியது மாமனாரின் கையும் மாப்பிள்ளையின் கையும்தான்.

இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. முறிந்த காலில் மாப்பிள்ளை பசையைத் தாராளமாகத் தடவிவிட்டு, துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினான். அந்த நேரத்தில் மாமனார் அதே பசைக் குழாயை எடுத்து, நாற்காலியின் அடியிலும் தாராளமாகத் தடவினார். 'நான் போட்டுட்டேன்' என்று அவனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சேர்த்து அழுத்தியபோது பசை பிதுங்கிக்கொண்டு வழிந்தது. நாற்காலி சாய்ந்தது. விழாமல் பிடிக்க இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மாப்பிள்ளையின் வலது கைமேல் மாமனாரின் இடது கை விழுந்தது. நாற்காலிக் கால் நழுவித் தரையில் உருண்டது. கைகள் நழுவவில்லை.

"ரொம்ப இழுத்தா தோல் வந்துடும்போல இருக்கே," என்று மாமனார் ஜன்னலிடம் சொன்னார்.

"இழுக்கிறது யாருன்னுதான் தெரியலை," என்று மாப்பிள்ளை அடுப்பிடம் சொன்னான்.

இதுதான் அவர்கள் பேசும் முறை. மூன்று வருடமாக இப்படித்தான். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை லைசென்ஸ் எடுக்கப் போனான். அங்கே தேர்வு நடத்தும் அதிகாரியாக வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் சாட்சாத் மாமனார். மாப்பிள்ளை மனதுக்குள் கொண்டாடினான். மாமனார் அவனைப் பெயில் ஆக்கினார். திரும்பும்போது பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லையாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே பல மாதம் ஆனது. பிறகு வேறொரு அதிகாரியிடம் அவன் பாஸ் செய்தான். பேச்சு மட்டும் அன்றோடு நின்றுவிட்டது. சண்டை என்றும் சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசையில் 'உப்பு கொஞ்சம் தேவைப்படுது' என்று ஒருவர் காற்றிடம் சொல்வார், மற்றவர் உப்பை நகர்த்தி வைப்பார். அவசரமான சேதி என்றால் நடுவில் அவள் இருக்கிறாள், ஒருவருக்கு மகள், மற்றவருக்கு மனைவி.

மாமியார் இறந்த பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் வேறு ஊரில் தனியாக இருந்தார். இந்த வாரம்தான் மகள் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். நாளைக் காலை பஸ்ஸில் திரும்புகிறார். அதற்குள் நடக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது.

"அப்பாவை இங்கேயே இருக்கச் சொன்னேன்," என்று அவள் வாரத் தொடக்கத்திலேயே கணவனிடம் சொல்லியிருந்தாள். "உன் வீட்டுக்காரர் தன் வாயால கூப்பிடட்டும், பார்க்கலாம்னு சொல்றார். ஒரே ஒரு வார்த்தைதான். கூப்பிடுங்களேன்."

"கூப்பிடறேன்."

அவனுக்கும் ஆசைதான். திங்கட்கிழமையிலிருந்து அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தான். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இப்போது சனிக்கிழமை ஆகிவிட்டது.

மாப்பிள்ளை இடது கையால் அவளுக்கு நாலைந்து தடவை போன் போட்டான். அவள் நீச்சல் பயிற்சியாளர். தண்ணீரில் இறங்கிவிட்டால் போன் அலமாரிக்குள் போய்விடும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அடுத்த தெருவில ஒரு கிளினிக் இருக்கு. முன்பதிவு இல்லாமலே பார்ப்பாங்க," என்றான், அடுப்பிடம்தான்.

"அப்போ போக வேண்டியதுதான்," என்றது ஜன்னல் பக்கத்துக் குரல்.

வாசலில் மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போர்த்தினான்.

"துண்டைப் போட்டு மூடினா, போலீஸ்காரர் யாரையோ பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்," என்றார் மாமனார்.

யார் போலீஸ், யார் கைதி என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. துண்டைக் கழற்றி எறிந்தான்.

தெருவில் நடப்பது அவ்வளவு லேசாக இல்லை. மாமனார் நீளமான எட்டு வைப்பவர், மாப்பிள்ளை குட்டை எட்டு. சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன சார், மாமனாரும் மாப்பிள்ளையும் கை கோத்துக்கிட்டு வாக்கிங்கா? என் மாமனார் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போயிடுவார். கொடுத்து வெச்சவங்க நீங்க! கண்ணு பட்டுடப் போகுது."

இருவரும் பல்லைக் காட்டினார்கள். வேறு என்ன செய்வது?

சாலையைக் கடக்கும் இடத்தில் மாப்பிள்ளை காலெடுத்து வைத்தான். கை பின்னாலேயே நின்றது. மாமனார் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம் பார்த்தார். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"பார்த்துட்டுப் போறது யாருக்கும் நல்லதுதான்," என்றார் சாலையிடம்.

கிளினிக் வாசலில் ஒரு பலகை இருந்தது. சளி, காய்ச்சல், சுளுக்கு, சிறு காயம், பூச்சிக்கடி. மாப்பிள்ளை மேலிருந்து கீழாகப் படித்தான். மாமனார் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை. உள்ளே ஸ்பிரிட் வாசனை அடித்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"இவருக்கு," என்றார்கள் இருவரும், முகவாயால் ஒருவரையொருவர் காட்டி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைகளையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ ரெண்டு டோக்கன். ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் சார், கம்ப்யூட்டர் அப்படித்தான் எடுத்துக்கும். ரெண்டு பேரும் என்ன உறவு?"

"இவர் என் பொண்ணோட வீட்டுக்காரர்," என்றார் மாமனார்.

"இவர் என் மனைவியோட அப்பா," என்றான் மாப்பிள்ளை.

"மாமனார், மாப்பிள்ளைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு ஊரைச் சுத்திக்கிட்டு வர்றீங்க?"

காத்திருக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்தது, அதுவரைக்கும் அதிர்ஷ்டம். எதிரே, கணுக்கால் வீங்கிய ஓர் அம்மாள் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்து, தேனீ கொட்டி ஒரு கண் மூடிப்போன ஆள். அவர் மீதியிருந்த கண்ணால் இவர்கள் கைகளையே பார்த்தார்.

"என்ன பசை சார்?"

"நாற்காலி ஒட்டற பசை," என்றான் மாப்பிள்ளை.

"நாற்காலி ஒட்டிச்சா?"

"இல்லை."

அவர் சிரிக்க ஆரம்பித்து, உடனே கண்ணைப் பொத்திக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்க சார், இழுத்துப் பிடிக்குது!"

அப்போது ஒலிபெருக்கி பேசியது. மாமனாரின் எண்ணுக்கு முதல் அறை. அதே மூச்சில் மாப்பிள்ளையின் எண்ணுக்கு மூன்றாம் அறை. முதல் அறை வலது பக்கம் இருந்தது, மூன்றாம் அறை இடது பக்கம். வாழ்நாள் முழுக்க விதிப்படி நடந்தவர் மாமனார். எழுந்து வலது பக்கம் நடந்தார். கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவன் மாப்பிள்ளை. இடது பக்கம் நடந்தான்.

"ஆ!" என்றார்கள் இருவரும்.

"விடாதீங்க சார், எந்த ரூம் ஜெயிக்குதுன்னு பார்த்துடலாம்," என்றார் தேனீக்காரர், கண்ணைப் பொத்தியபடியே.

மூன்றாம் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கனத்த உடம்பு, வேகமான நடை. "அடக் கடவுளே," என்றவள், ஒரு வார்த்தையும் கேட்காமல் இருவரையும் ஒரே அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு பேசினில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் வந்தது. கைகள் இரண்டும் அதற்குள் போயின.

"நல்லா ஊறட்டும். அவசரப்பட்டா தோல் உரிஞ்சுடும். ஐயா, அந்தக் கை சும்மாதானே இருக்கு? குடுங்க, பிரஷர் பார்த்துடறேன்."

பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, நர்ஸ் புருவத்தைத் தூக்கினாள். "ஏறியிருக்கே. மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஞாபகம் இருக்கிறப்போ."

"வீட்ல எடுத்துக் குடுக்க யாரும் இல்லையா?"

"எங்க வீட்ல நான் மட்டும்தான்மா."

"திங்கட்கிழமை மறுபடி வந்து காட்டுங்க."

"நாளைக்குக் காலையில பஸ். ஊருக்குப் போறேன்."

நர்ஸ் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை சோப்பு நுரையைப் பார்த்தான். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று அவனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, அதில் யாரும் பசை தடவவில்லை.

நர்ஸ் கைகளை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு மொட்டைக் குச்சியை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டத் தொடங்கினாள்.

"வலிச்சா சொல்லணும்."

"கொஞ்சம் வலிக்குதுபோல இருக்கே," என்றார் மாமனார், மேலே பார்த்து.

"யாருக்கு? சீலிங்குக்கா?"

"...எனக்குத்தான்."

"அப்படிச் சொல்லுங்க. விரலை இறுக்காதீங்க ஐயா. இறுக்கறாரே! சார், நீங்களாவது சொல்லுங்க அவர்கிட்டே."

"விரலைத் தளர்த்தினா நல்லது," என்றான் மாப்பிள்ளை, பேசினிடம்.

"யாரு தளர்த்தினா? நானா, இந்தப் பேசினா? இங்கே எனக்கு நேரம் இல்லை. ஆளைப் பார்த்துச் சொல்லுங்க."

மாப்பிள்ளை திரும்பினான். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. வலது புருவத்தில் ஒரே ஒரு முடி நீளமாகச் சுருண்டிருந்தது.

"நீங்க... விரலைத் தளர்த்துங்க."

மாமனார் தளர்த்தினார். சுண்டுவிரல் வந்தது. மோதிர விரல் வந்தது. நடுவிரல் கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது, பின்னாலேயே ஆள்காட்டி விரலும் வந்தது. கட்டைவிரல் மட்டும் பாக்கி.

அது வந்துவிட்டால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். மாமனார் முன்னால் நடப்பார், அவன் பின்னால் நடப்பான். ராத்திரி அவர் பெட்டியை அடுக்குவார். காலையில் பஸ் கிளம்பும். அவன் பஸ்ஸிடம் 'போயிட்டு வரலாம்' என்று சொல்வான்.

"கொஞ்சம் நிறுத்துங்க சிஸ்டர்."

"வலிக்குதா?"

"இல்லை." மாமனாரின் பக்கம் திரும்பினான். "மாமா. நாளைக்குப் போகாதீங்க. எங்ககூடவே இருங்க."

நர்ஸின் குச்சி அந்தரத்தில் நின்றது. மாமனார் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த விரலை எடுத்துவிடும்மா," என்றார்.

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. நர்ஸுக்கே பொறுக்கவில்லை. "கேட்டதுக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு எடுக்கச் சொல்லலாமே ஐயா?"

"கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு கேக்கறதெல்லாம் கணக்குல சேராதும்மா. வேற வழியில்லாம கேட்ட மாதிரி ஆயிடும். நழுவிப் போக வழி இருக்கும்போது கேக்கட்டும்."

கட்டைவிரல் வந்தது. நர்ஸ் இருவருக்கும் ஆளுக்கொரு களிம்புக் குழாயைக் கொடுத்தாள். "இது தடவற களிம்பு. தயவுசெஞ்சு ஒருத்தர் தடவுங்க, ஒருத்தர் பாருங்க," என்று சொல்லி வெளியே அனுப்பினாள்.

காத்திருக்கும் இடத்தை ஒட்டிய வராந்தாவில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற அளவு இடைவெளி இருந்தது. காலையிலிருந்து முதல்முறையாகக் கிடைத்த இடைவெளி. கை விட்டுப்போனதில் மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் லேசாகிவிட்டது போலிருந்தது. கதவு அதோ தெரிந்தது. போன் அடித்தது.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்ன ஆச்சு? அப்பா நல்லா இருக்காரா?" மனைவியின் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சத்தம்.

ஆயிரம் யானை பலம் வந்தது அவனுக்கு. அவள் வந்துவிட்டாள், இனி எல்லாம் சுலபம். "நல்லா இருக்கார். நீ அப்பாகிட்டே ஒண்ணு சொல்லு..."

மாமனார் சுவரில் இருந்த கை கழுவும் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்கு அந்தப் பக்கமே கதவு.

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் வேண்டாம். நானே சொல்லிக்கறேன். வெச்சுடறேன்."

"என்னது? நீங்களேவா? ஹலோ?"

வைத்துவிட்டான். இரண்டு எட்டு வைத்து, படத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"மாமா, நீங்க வந்து நாலு நாள் சிங்க் பக்கத்துல நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டீங்க. தட்டைக் கழுவிட்டு உடனே போயிடறவர் மாதிரி. நேத்துதான் நாற்காலியில நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்தீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. அதுல நாற்காலி உடைஞ்சா உடையட்டும், வேற வாங்கிக்கலாம். போகாதீங்க. நான்தான் கூப்பிடறேன், அவள் சொல்லி இல்லை."

மாமனார் அவனை நேராகப் பார்த்தார்.

"அந்தத் தேர்வுல நான் போட்டது போட்டதுதான். அதை மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொல்லலையே மாமா."

"சரி." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "டிக்கெட்டு இதுலதான் இருக்கு. ரத்து பண்ண எனக்கு வராது." இடது கட்டைவிரலைப் போனில் வைத்தார். போன் திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார். பசை காய்ந்து கரடுமுரடாகக் கிடந்த விரலை அது அடையாளம் கண்டுகொள்வதாக இல்லை.

"ரேகை எடுக்கலை மாமா. நம்பர் போட்டுத் திறக்கலாம். என்ன நம்பர்?"

மாமனார் சுற்றும் முற்றும் பார்த்தார். தேனீக்காரர் ஒற்றைக் கண்ணோடும் இரண்டு காதோடும் கவனமாக உட்கார்ந்திருந்தார். மாமனார் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து அருகே இழுத்து, கையால் மறைத்துக்கொண்டு காதில் சொன்னார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

மாப்பிள்ளை நம்பரைப் போட்டான், போன் திறந்தது. "இதையா மாமா காதுல சொன்னீங்க?"

"கிண்டல் பண்ணாம பஸ்ஸை ரத்து பண்ணுங்க மாப்பிள்ளை."