வாசல் தாண்டிய பால்

மூன்றாவது நாளும் பால் திரளவில்லை. பாலைத் திரட்டும் காட்டு முட்செடியின் ஊதாப் பூவை முதல் நாளே ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்து, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை என் கையால் அளந்து ஊற்றிய பால். மதியம் தட்டை எடுத்தால் சட்டியில் சளசளவென்று நிற்கிறது. கரண்டி விட்டுத் துழாவினேன். அடியில் கூழ் மாதிரி கொஞ்சம் ஒட்டியது, அவ்வளவுதான். நாய்க்கு ஊற்றினேன்.

இருபத்தைந்து வருடமாக என் கையில் பால் ஏமாற்றியதில்லை. புருஷன் வீட்டில் பதினோரு வருடம், அவன் தலாக் சொல்லி அனுப்பிய பிறகு தம்பி லயாஷி வீட்டில் பதினான்கு வருடம். வியாழச் சந்தையில் பெண்கள் நாங்கள் பச்சை இலையில் பாலாடைக்கட்டியை அடுக்கி வரிசையாக உட்காருவோம். தெத்துவான் நகரத்திலிருந்து வருகிறவர்கள், "ஷாமா எங்கே, ஷாமா?" என்று கேட்டு என்னிடம்தான் வருவார்கள். புருஷன் விரட்டிய ஒரு அக்காவுக்கு இந்த வீட்டில் மூலை கிடைத்ததே அந்தக் கட்டியால்தான். லயாஷி அப்படிச் சொன்னதில்லை. ஆனால் பிறர் சொல்லாததுதான் என் காதில் பலமாக விழும்.

முதலில் பூவைச் சந்தேகப்பட்டேன். அன்று சாயங்காலம் முட்டி வலியோடு நானே உட்கார்ந்து ஒரு ஆட்டைக் கறந்து, அதே பூத்தண்ணீரை ஊற்றி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கத்தி போட்டு அறுக்கிற மாதிரி திரண்டு நின்றது. பூவில் குற்றமில்லை, ஆட்டில் குற்றமில்லை. அப்படியென்றால் காலைப் பால்தான், ஆட்டு மடியிலிருந்து என் சட்டிக்கு வருவதற்குள் கெடுகிறது.

காலைப் பாலைக் கறப்பது ஃபத்தூமா, லயாஷியின் மனைவி. நாலு நாளைக்கு முன்னால் தானாக வந்து, "அண்ணி, உங்களுக்கு முட்டி வலிக்குதே, காலைல நான் கறந்துடறேன்" என்றாள். மூன்று வருடமாக இல்லாத அக்கறை ஒருத்திக்குத் திடீரென்று நம் முட்டி மேல் வந்தால் சும்மாவா வரும்? அவள் கொண்டுவந்த பாலில் நுரை இல்லை. ஏதோ ஒரு வாடை வேறு. வேற்று வீட்டு வாடை என்று என் மூக்கு சொன்னது.

இன்னொன்றும் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ரொட்டிக்குள் கட்டியில் ஒரு துண்டை வைத்து அவள் கையில் கொடுப்பேன். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள், உடம்பில் தெம்பு ஏற வேண்டாமா? போன வாரம் அத்திமரத்தடியில் கோழிகள் முண்டியடித்துக்கொண்டு எதையோ கொத்தின. போய்ப் பார்த்தால் என் கட்டி.

எங்கள் மலைப்பக்கத்தில் திரளாத பாலுக்கு ஒரே அர்த்தம்தான். எவளோ பாலின் பரக்கத்தை, அதில் இருக்கும் இறைவன் கொடுத்த வளத்தை, எடுத்துக்கொண்டாள். அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. கறந்த பால் சொந்தக்காரியின் கைக்கு வருமுன் இன்னொருத்தியின் வாசலைத் தாண்டினால் போதும். யார் அந்த இன்னொருத்தி என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் ரஹ்மா இருக்கிறாள். கண் என்றால் கண், அப்படி ஒரு கண். போன வருடம் எங்கள் சினையாடு செத்த குட்டி போட்டது, அதற்கு முந்தின நாள்தான் அவள் அதைப் பார்த்து, "என்ன வயிறு!" என்றாள். ஃபத்தூமாவின் இரண்டு பிள்ளைகளும் போனதற்கு அவள் கண்தான் காரணம் என்று ஊற்றுக்கரையில் நாலு பெண்கள் முன்னால் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் ஃபத்தூமா மட்டும் அவளோடு குசுகுசுவென்று பேசுவாள்.

வியாழக்கிழமை. விடிந்தும் விடியாமல் ஃபத்தூமா தொழுவத்துக்குப் போனாள். நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். கறந்து முடித்து வாளியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் வேலி இடைவெளியில் நுழைந்தாள். எனக்கு முட்டி வலி மறந்துபோயிற்று. வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினேன்.

ரஹ்மாவின் முற்றத்தில் அடுப்பு எரிந்தது. அதன் மேல் என் பால். பக்கத்தில் ஒரு துணி மூட்டையிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் சொட்டியது. என் வீட்டில் திரளாத பால் இவள் வீட்டில் திரண்டு தொங்குகிறது!

"நல்லா இருக்குடி! என் ஆட்டுப் பாலு என் வாசலத் தாண்டி உன் அடுப்புக்கு வருதா?"

ரஹ்மா கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். "வா ஷாமா, வா. ஒரு சலாம் கூடச் சொல்லாம அப்படி என்ன அவசரம்? செருப்பையாச்சும் மாட்டிட்டு வந்திருக்கலாமே."

"உன் சலாம் யாருக்கு வேணும்? எத்தன நாளா என் பரக்கத்த உறிஞ்சிட்டிருக்க?"

"உறிஞ்சி நான் மாடி வீடா கட்டிட்டேன்? கூரையப் பாரு, போன மழைக்கு ஒழுகினது இன்னும் காயல."

நான் ஃபத்தூமா பக்கம் திரும்பினேன். "இவளுக்குப் பாலத் தூக்கிக் குடுத்துட்டு, நான் வெறுங்கையோட சந்தைக்குப் போகணும், அப்புறம் உன் புருஷன் என்னை வீட்ட விட்டுத் துரத்தணும். அதானே உன் கணக்கு?"

ஃபத்தூமா சால்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு அழுதாள்.

"சொல்லு புள்ள. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள் ரஹ்மா.

"காய்ச்சறேன் அண்ணி. வேற ஒண்ணும் பண்ணல. நம்ம வீட்ல காய்ச்சினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு இங்க காய்ச்சி, பாலாடைய எடுத்துட்டு, ஊத்துத் தண்ணில ஆறவச்சுக் கொண்டாறேன்."

"காய்ச்சின பாலு பூவுக்குத் திரளுமாடி? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"டாக்டரம்மா பச்சப் பால் கூடவே கூடாதுன்னாங்க." அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "பல் வலின்னு சொல்லிட்டு ரஹ்மாக்காவோட டவுனுக்குப் போனேனே, அப்போ. எனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் வேர்க்குமில்ல? ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஆட்டுலேர்ந்து வர்ற நோயாம். பச்சப் பால்ல இருக்குமாம், அதுல செஞ்ச கட்டிலயும் இருக்குமாம். ரெண்டு பிள்ளையும் போனது அதனாலதான் இருக்கும்னாங்க. இப்ப மறுபடி மூணு மாசம் அண்ணி. எனக்கு பயமா இருந்துச்சு."

அவள் கல்யாணமாகி வந்த முதல் காலையிலிருந்து என் கட்டிதான். முதல் பிள்ளை போனபோது, பாவம் மெலிந்துவிட்டாள் என்று துண்டைப் பெரிதாக்கினேன். இரண்டாவது போனபோது இரண்டு துண்டு. அவள் வேண்டாம் என்றாலும் விட்டதில்லை, பல நாள் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பேன். ஒவ்வொன்றாக நினைவு வர, என் கை எனக்கே அருவருப்பாக இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அந்த மூட்டையில?" என்றேன்.

"காய்ச்சின பால்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சு திரட்டினது. இவளுக்குக் கட்டி மேல ஆச. வாயக் கட்டிப் போட முடியுமா? அதான் இவளுக்குன்னு செஞ்சு வச்சேன்" என்றாள் ரஹ்மா. என் பழைய பேச்சை எடுத்து அவள் என் முகத்தில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி."

"உங்ககிட்ட சொன்னா அவருக்கும் தெரிஞ்சிடும்." ஃபத்தூமா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கையால வந்ததுன்னு தெரிஞ்சா உங்கள வீட்ல வச்சிருப்பாரா அண்ணி? நீங்க எங்க போவீங்க?"

நான் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் துரத்தத் திட்டம் போடுகிறாள் என்று நான் உளவு பார்த்த இந்த நாலு நாளும், என்னைத் துரத்திவிடக் கூடாதே என்று இவள் இருட்டில் வாளியைச் சுமந்திருக்கிறாள். பால் பொங்கி வந்தது. ரஹ்மா இறக்கினாள்.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது லயாஷி கழுதைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். கூடைகள் காலியாகக் கிடந்தன. சந்தைக்கு நேரமாகிவிட்ட எரிச்சல் அவன் முகத்தில் இருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை, நேராக அவளிடம் பாய்ந்தான்.

"நீ கறக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கூடையெல்லாம் காலி! ஊர்ல எல்லாரும் கட்டியத் தூக்கிட்டுப் போறாங்க. என்னத்தப் பண்ணித் தொலைச்ச அந்தப் பால?"

வேறு நாளாக இருந்தால் அந்தத் திட்டில் எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சிகூட இருந்திருக்கும். ஃபத்தூமா தலையைக் குனிந்துகொண்டாள். "வாளி சரியாக் கழுவல போல. இனிமே பாத்துக்கறேன்" என்றாள். அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் என் மூலை எனக்கு இருந்திருக்கும். வாய் மூடி நின்றால் போதும்.

"அவளத் திட்டாத லயாஷி" என்றேன். "கழுதைய அவிழ்த்து விட்டுட்டு உக்காரு. உன் பிள்ளைங்க ரெண்டும் எதனால போச்சுன்னு நான் சொல்றேன்."

அவன் குழம்பிப்போய் வாசல் கல் மேல் உட்கார்ந்தான். பின்னாலிருந்து ஃபத்தூமா, வேண்டாம் வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, அவளுக்கு நான் கொடுத்த முதல் துண்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.