சாம்பியனின் வலது கை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இரண்டு மேசைகளும் பதினோரு உறுப்பினர்களும் கொண்ட தெருமுனை ஸ்நூக்கர் கிளப்பின் மாபெரும் கோப்பையை, தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக சலூன்காரரே வென்றார். கோப்பை ஒரு சாண் உயரம். அவருடைய கர்வம் ஆளுயரம்.

மணிக்கட்டு வலி போன வருடமே ஆரம்பித்துவிட்டது. பந்தை அடிக்கும் கோலை அவர் பிடிக்கும் அழகு அப்படி. மேசையருகே நின்று புள்ளி எழுதும் மார்க்கர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார்.

"கடையில கத்தரிய பூ மாதிரி பிடிக்கிறீங்க. இங்க வந்தா திருடன் கழுத்த நெரிக்கிற மாதிரி கோல நெரிக்கிறீங்களே அண்ணே! விரல தளர்த்துங்க. ரெண்டு ஆட்டத்துக்கு ஒருதரம் கைய ஆறப்போடுங்க."

"நீ புள்ளிய எழுதுப்பா. சாம்பியனுக்கே பாடமா?"

சாம்பியன் மணிக்கட்டில் பட்டை கட்டினார். வலி மாத்திரை விழுங்கினார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தபோது, "கை தூங்குது, அவ்வளவுதான்" என்று உதறிக்கொண்டார்.

"தூங்குற கைய தூங்க விடுங்களேன். எழுப்பி எழுப்பி ஆடுறீங்க" என்றாள் மனைவி.

"கோப்பைப் போட்டி முடியட்டும்."

கோப்பை முடிந்தது. மறுவாரமே ஒரு வாடிக்கையாளரின் காதோரம் கத்தரி நழுவியது. ரத்தம் ஒரு சொட்டுதான். செய்தி தெரு முழுக்க ஓடியது.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "நரம்பு நசுங்கி ரொம்ப நாளாச்சு. ஆபரேஷன் பண்ணலாம், பழைய பிடி வரும்னு சொல்ல முடியாது. மரத்துப்போனப்பவே ஏங்க வரல?"

"அப்போ கோப்பைப் போட்டி இருந்துச்சு டாக்டர்" என்றார் சாம்பியன்.

ஆபரேஷனும் நடந்தது. பிடி வரவில்லை. பூட்டிக் கிடந்த கடையை ஒரு நாள் அவர் திறந்தபோது ஏழு வயது மகள் வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவள் தலையில் வேறு யாரும் கத்தரி வைத்ததில்லை.

"முடி கண்ணுல விழுதுப்பா. நாளைக்கு ஸ்கூல்ல போட்டோ."

கத்தரியை எடுத்தார். விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவளே அதைக் கண்ணாடி முன் நின்ற கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"பரவால்லப்பா. க்ளிப் குத்திக்கிறேன்."

அந்நேரம் பார்த்து மார்க்கர் எட்டிப்பார்த்தார். "அண்ணே, கிளப்புல புதுசா ஆட வர்றவங்களுக்கு ஒரு போர்டு வைக்கிறோம். என்ன எழுதலாம்?"

சாம்பியன் மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். "கோல லேசா பிடி, நடுநடுவுல கைய ஆறப்போடு, வலி வந்தா அன்னிக்கே நிறுத்துன்னு எழுது. சொல்லியும் கேக்காதவன் சொன்னான்னு சேர்த்து எழுது."

பிறகு மகளை எதிர் சலூனுக்கு அழைத்துப்போனார். முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். நால்வரும் அவருடைய பழைய வாடிக்கையாளர்கள்.