ஒரே டியூப்பில் இருவர்

ஏகநாதனும் லிங்கசாமியும் பேசிக்கொள்வதில்லை. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் இருவரும் ஒரே செக்‌ஷன். குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. ஒருவர் மற்றவரிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துச் சொல்வார். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அந்த விஷயம் அப்படியே நின்றுபோகும். ஒருமுறை லிங்கசாமியின் சட்டைக் காலரில் மரவட்டை ஒன்று ஊர்ந்து போவதை ஏகநாதன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு ஆள் தேடினார். ஆள் வருவதற்குள் அது உள்ளே இறங்கிவிட்டது.

சண்டைக்குக் காரணம் ஒரு காட்டெருமை. லிங்கசாமி வீட்டுக்குப் பின்னால் பீன்ஸும் கேரட்டும் போட்டிருந்தார். ஒரு விடியற்காலையில் காட்டெருமை ஏகநாதன் வீட்டு கேட் வழியாக நுழைந்து, நடுவில் இருந்த வேலியை நெஞ்சால் தள்ளிச் சாய்த்து, லிங்கசாமியின் பாத்தியைத் துடைத்துவிட்ட மாதிரி மேய்ந்து முடித்தது. ஏகநாதன் வீட்டிலும் முட்டைக்கோஸ் இருந்தது. அதை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லிங்கசாமிக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.

"கேட்டைத் தொறந்து உட்டு, வழியும் காட்டி உட்டிருக்காருங்க," என்று அவர் காலனி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எருமைக்கு வழி காட்டற தலையெழுத்து எனக்கு இல்லீங்க," என்று ஏகநாதனும் காலனியைப் பார்த்தே பதில் சொன்னார். அன்றோடு பேச்சு முடிந்தது.

அவர்களுடைய மனைவிமார் இந்தச் சண்டையில் சேரவில்லை. சாய்ந்த வேலியை எந்த வீட்டு ஆண்பிள்ளையும் நிமிர்த்தாததால் தனபாக்கியமும் வேணியும் முன்னைவிடச் சுலபமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு ஊர் பார்த்துவரும் சலுகை ஃபேக்டரியில் உண்டு, எல்டிசி என்பார்கள். ரிட்டயர் ஆவதற்கு முன்னால் அதில் அந்தமான் போய்விட வேண்டும் என்று தனபாக்கியம் ஏகநாதனிடம் சொன்னாள். அதையே அதே வாரத்தில் வேணியும் லிங்கசாமியிடம் சொன்னாள். இரண்டு பேரும் சம்மதித்தார்கள். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறியபோதுதான் எதிர் சீட்டில் யார் என்று ஏகநாதன் பார்த்தார்.

"இந்தாளு எங்க போறாருன்னு கேளு," என்றார் மனைவியிடம்.

"அந்தமானுக்குத்தானுங்க."

"நாம போற அந்தமானுக்கா?"

"வேற அந்தமான் இருந்தாச் சொல்லுங்க, அங்க அனுப்பிப்போடலாம்," என்று சொல்லிவிட்டுத் தனபாக்கியம் புளிசாதத்தைப் பிரித்து வேணிக்கும் ஒரு கை வைத்தாள்.

அந்தமானில் சிறையைப் பார்த்தார்கள், மியூசியத்தைப் பார்த்தார்கள். ஏகநாதன் இடது பக்கம் நின்று பார்த்தால் லிங்கசாமி வலது பக்கம் நின்று பார்த்தார். பிறகு கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போனார்கள். அங்கே பவளப்பாறைகளுக்கு மேல் மிதந்தபடி மீன் பார்க்கலாம், நீச்சல் தெரிய வேண்டாம், ஆள் கூடவே வருவார் என்று விடுதியில் சொன்னார்கள்.

கூட வந்த ஆளின் பெயர் பாலன். ஐம்பதைத் தாண்டியவர், அவருடைய அப்பா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, ஒரு பெரிய டியூப்பைத் தண்ணீரில் போட்டார். நீச்சல் தெரியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தால் போதும், அவர் இழுத்துக்கொண்டு போவார். ஒரு டியூப்புக்கு இரண்டு பேர்.

"நாங்க கரையிலயே இருக்கறமுங்க," என்று தனபாக்கியம் சொல்லிவிட்டாள். வேணி ஏற்கெனவே மாங்காய் வாங்கப் போயிருந்தாள்.

"அப்ப சார் ரெண்டு பேரும் வாங்க. ஒரே ஊர்தானே?"

வேறு டியூப் வேண்டும் என்று கேட்க ஏகநாதனுக்கு வாய் வரை வந்தது. கேட்டால் தண்ணீருக்குப் பயந்துதான் சாக்குச் சொல்கிறார் என்று லிங்கசாமி நினைப்பார். பயம் இருந்ததும் உண்மைதான். குன்னூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவருக்கு, வெந்நீர் இல்லாமல் குளிப்பதே பெரிய காரியம். இடுப்புக்கு மேலே தண்ணீர் ஏறி அவர் பார்த்ததில்லை. ஊட்டி ஏரியில் படகில் போனபோதுகூட நடுவில்தான் உட்கார்ந்தார். லிங்கசாமியும் டியூப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், இறங்கினார். அதற்கு மேல் ஏகநாதன் நிற்க முடியாது.

பாலன் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடியை எடுத்து, உள்பக்கத்தில் துப்பி, விரலால் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். கண்ணாடியில் மூட்டம் படியாமல் இருப்பதற்காம். வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் வேலைக்குப் போய்வந்த ஏகநாதனுக்கு இந்த வைத்தியம் தெரியாமல் போயிருந்தது.

"வாயால மூச்சு விடுங்க சார். மூக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துருங்க."

ஏகநாதன் குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். இந்த முறை மூக்கு ஞாபகம் வந்துவிட்டது. இருமி முடித்தபோது பக்கத்தில் லிங்கசாமியும் இருமிக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அந்தப் பக்கம் காலை உதைக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்றார் ஏகநாதன், பாலனிடம்.

பாலன் லிங்கசாமியைப் பார்த்தார். "உதைக்க வேண்டாம்னு சொல்றாரு."

"உதைக்காம மெதக்கறது எப்படின்னு கேட்டுச் சொல்லுங்க," என்றார் லிங்கசாமி.

இருவர் தலைக்கும் நடுவில் இருந்தது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். பாலன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தண்ணீருக்குள்ளே பேச முடியாது என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் முறை முகத்தை வைத்தபோது மூச்சு வந்தது. குழாய்க்குள் தன் மூச்சு போய்வருகிற சத்தம் ஏகநாதனுக்கே கேட்டது. யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தார்.

கீழே காலிஃப்ளவர் விளைந்துகிடந்தது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. ஊர்ப்பக்கத்துக் கேத்திப் பள்ளத்தாக்கை மேலே இருந்து பார்ப்பது போல, காலிஃப்ளவரும் கோஸும் காளானும் பாத்தி பாத்தியாகப் போய்க்கொண்டே இருந்தன. நிறம் மட்டும் ஊதா, மஞ்சள், பழுப்பு. எல்லாம் பவளம். அதன்மேல் பச்சையும் நீலமுமாக மீன்கள் வாயை வைத்துக் கடித்தன. கடிக்கிற சத்தம் மொறுக் மொறுக்கென்று காதில் விழுந்தது. கடலுக்கு அடியில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மணலில் கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு ஒன்று படுத்திருந்தது. ஏகநாதன் தலையைத் தூக்கி அது என்ன என்று கேட்டார்.

"கடல் அட்டை சார்."

எஸ்டேட்டில் காலில் ஏறுகிற அட்டையை ஏகநாதனுக்குத் தெரியும். அது விரல் நீளம் இருக்கும். அவர் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டார். பக்கத்தில் லிங்கசாமியும் மடக்கினார். டியூப் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"இது ஏறுமுங்களா?"

"எங்கயும் ஏறாது சார். அது பாட்டுக்குக் கெடக்கும்."

கால்களை நீட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்கள். சாமந்திப்பூ மாதிரி அசைந்துகொண்டிருந்த ஒன்றுக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சிறு மீன் வெளியே வந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. அது நேராக மேலே ஏறி, லிங்கசாமியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று முறைத்தது. பிறகு ஏகநாதனிடம் வந்து முறைத்தது. இரண்டு பேரையும் எச்சரித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனது. ஏகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. குழாயைக் கடித்துக்கொண்டு சிரிக்க முடியாது. தண்ணீரைக் குடித்தார்.

அந்த நேரத்தில் தூரத்துப் படகிலிருந்து யாரோ பாலனைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். லிங்கசாமி வலது பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம், ஏகநாதனுக்கு நேர் கீழே, பாசி பிடித்த பாறை ஒன்று இருந்தது. அந்தப் பாறை தலையை நீட்டியது.

ஏகநாதன் மூச்சு விட மறந்தார். ஆமை. ஓட்டில் கட்டம் கட்டமாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. அவசரமே இல்லாமல் முன்துடுப்பை ஒருமுறை வீசிவிட்டு, மேலே வர ஆரம்பித்தது. அவர் இருந்த திசையில்தான் வந்தது.

சொல்ல ஆள் இல்லை. பாலன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். சொல்லவும் முடியாது, வாயில் குழாய். சொல்லாமல் விட்டால் லிங்கசாமி இதைப் பார்க்காமலே ஊருக்குப் போய்விடுவார். அந்த நினைப்பில் ஏகநாதனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டி லிங்கசாமியின் தோளில் ஓங்கித் தட்டினார்.

ஏகநாதன் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து லிங்கசாமி திரும்பினார். திரும்பியவர் கீழே பார்த்தார். பார்த்ததும், தட்டிய கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஆமை அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் மேலே வந்தது. தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே தூக்கி மூச்சு விட்டது. சலிப்போடு விட்ட பெருமூச்சு மாதிரி கேட்டது. பிறகு தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. இவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். மெதுவாகத் திரும்பிக் கீழே இறங்கி, நீலத்துக்குள் போனது. அது மறைந்த பிறகும் இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த கையை இருவரும் விடவில்லை.

பாலன் பேச்சை முடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்தார். இரண்டு பேர் கைகோத்து மிதப்பதைப் பார்த்தார். சமாதானமாகிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, இடுப்பில் கட்டியிருந்த கேமராவில் ஒரு படம் எடுத்தார்.

கரைக்கு வந்ததும் ஏகநாதன் மனைவியிடம் ஆமையைப் பற்றிச் சொன்னார்.

"பாறையா இருக்குமுங்க," என்றாள் தனபாக்கியம்.

"பாறை மூச்சு உடுமா?"

"ஆமையா? இன்னைக்கு யாருமே பாக்கலையே சார்," என்றார் பாலன். லிங்கசாமி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு அப்பால் போய்விட்டார். திரும்புகிற வழியெல்லாம் இருவரும் பழையபடிதான். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

படம் அவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. பாலன் கொடுத்த படத்தை வேணி அங்கிருந்தே தங்கச்சிக்கு அனுப்பியிருந்தாள். தங்கச்சி புருஷனும் அதே செக்‌ஷன். ஊர் திரும்பிய அடுத்த நாள் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே ஆறுச்சாமியின் டீக்கடைக்குள் ஏகநாதன் நுழைந்தபோது, கடையில் இருந்த அத்தனை போனிலும் அவரும் லிங்கசாமியும் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயோடு, கையைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, தேனிலவு நல்லா இருந்துதுங்களா?" என்று ஆறுச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆமை வந்துச்சுங்க. அதுக்குத்தான் புடிச்சது."

"படத்துல ஆமையைக் காணமே?"

"அது போயிருச்சுங்க."

கடையே சிரித்தது. ஏகநாதன் ஆமையின் ஓட்டையும் கண்ணையும் பற்றிச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அதிகமானது. "இந்த மேசை இருக்குதல்லங்க, இத்தனை பெருசு," என்று அவர் கையை விரித்தபோது ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. அப்போதுதான், வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு லிங்கசாமி உள்ளே வந்தார். காலையிலிருந்து அவரையும் இதே கேள்விதான் துரத்திக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. சிரிப்பு அடங்கியது. அவர் ஆறுச்சாமியைப் பார்த்தார்.

"ஆமைதானுங்க," என்றார். "பாத்தோம்."

லிங்கசாமி ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மேசையைப் பார்த்தார். பிறகு ஏகநாதனை நேராகப் பார்த்தார்.

"ஆனா இத்தனை பெருசெல்லாம் இல்லீங்க."

ஆறுச்சாமி ஆற்றுவதை நிறுத்தினார்.

"இல்லீங்களா?" என்றார் ஏகநாதன். "நீங்க எப்பப் பாத்தீங்க? அது பாதி மேல வந்ததுக்கப்பறம் பாத்தீங்க. நான் கீழ இருக்கறப்பவே பாத்தேன்."

"கீழ இருக்கறப்ப தண்ணி பெருசாக் காட்டுமுங்க."

"மேல வந்தப்பவும் பாத்தேனுங்க!"

"மேல வந்தப்ப நீங்க கண்ணை மூடியிருந்தீங்க."

"யாரு, நானா?"

டீ குடித்து முடித்தும் பேச்சு முடியவில்லை. ஃபேக்டரி ரோட்டில் ஏறி நடந்தார்கள். வளைவில் லிங்கசாமி நின்றுவிட்டார். வாயால் சொல்லி ஆகாது, படம் போட்டே பார்த்துவிடலாம் என்றார். ஓரத்தில் கிடந்த செங்கல் துண்டை ஏகநாதன் எடுத்து, தார் ரோட்டில் குனிந்து ஆமையின் ஓட்டை வரைந்தார். லிங்கசாமி அதற்கு உள்ளே இன்னொரு சின்ன ஓடு வரைந்தார். ஏகநாதன் துண்டைப் பிடுங்கித் துடுப்புகளைப் போட்டார்.

மேலேயிருந்து கேரட் ஏற்றிவந்த ஜீப் ஒன்று நின்றது. ஹாரன் அடித்தது. இருவரும் நிமிரவில்லை. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார்.

"என்னங்க, ரோடு போடறாங்களா?"

"ஆமை," என்றார்கள் இருவரும்.

டிரைவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தலை எங்கே என்று கேட்டார்.

லிங்கசாமி படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். "ஆமாங்க, தலையை உட்டுப்போட்டீங்க," என்றார்.

ஏகநாதன் ஜீப்பை இன்னும் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்தார்.