கொரின் மொழிபெயர்த்த ஒரு பதில்

மார்ச் மாதக் கடைசியில், பனி இன்னும் முழுதாகக் கரையாத ஒரு காலையில், ரேயால் போல்டுக் சமையலறைத் தரையில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டு. குளிர்காலம் முழுக்கக் கணப்பு எண்ணெய் லாரி ஓட்டி லூயிஸ்டன் ஊரில் பாதி வீடுகளைச் சூடாக வைத்திருந்த மனிதர், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழித்தபோது வலது கை அசையவில்லை. வாயிலிருந்த ஆங்கிலம் அத்தனையும் போய்விட்டிருந்தது. சில நாள் கழித்துக் குழறலாகப் பேச்சு திரும்பியது. வந்தது பிரெஞ்சு.

மனைவி ஷீலாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. தெரிய வைத்ததும் இல்லை அவர். வடக்கே கனடா எல்லையோரம் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியான பிரெஞ்சைப் பேசியதற்காக அடி வாங்கியவர். ஊரைவிட்டு வந்ததும் அதை மூட்டை கட்டிப் போட்டுவிட்டார். மகள் கொரின் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தபோதுகூட, "வேற பாடமே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டதோடு சரி. இப்போது அந்தக் கொரின்தான் பன்னிரண்டாம் வகுப்பில் பிரெஞ்சு மொழி, பண்பாட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல மதிப்பெண் வந்தால் கல்லூரியில் மொழிப்பாடம் படிக்க வேண்டாம். தேர்வு மே மாதம்.

அம்மா வேலைக்குப் போகும் நேரங்களில் கொரின் படுக்கையோரம் உட்கார்ந்து படிப்பாள். தேர்வில் அவளைப் பயமுறுத்திய பகுதி உரையாடல். கருவியிலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கும், மணி அடிக்கும், இருபது விநாடிக்குள் வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் குரலை அவள் ஓடவிட்டால், அவளுக்கு முன்னால் அப்பா பதில் சொல்லிவிடுவார்.

"சனிக்கிழமை என்னோட மியூசியத்துக்கு வர்றியா?" என்று குரல் கேட்டது.

"மியூசியமா? வேற வேலை இல்லையான்னு கேளு அவளை" என்றார் ரேயால், கோணிய வாயோடு.

கொரின் சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப் பார்த்தாள். "அப்பா, இதுக்கு மரியாதையா பதில் சொல்லணும். மார்க் இருக்கு."

"நீ பேசுறது பாரிஸ்காரி பேச்சு. மூக்கால பேசுற. எங்கம்மா கேட்டா, யாருடா இந்தத் துரைசானின்னு கேட்டிருப்பா."

அதுவரை அப்பா அவளோடு பேசியதெல்லாம் காரில் பெட்ரோல் இருக்கிறதா, வாசல் பனியை அள்ளினாயா என்பதுதான். இந்த மொழியில் அவர் வேறு ஆளாக இருந்தார். ஆற்றில் விழுந்த கதை சொன்னார். செத்துப்போன தங்கைக்காக அழுதார். வெட்கக்கேடான விஷயம்தான், ஆனால் அந்த ஏப்ரல் நாட்களில் கொரின் சந்தோஷமாக இருந்தாள்.

ஷீலா காப்பிக் கோப்பையோடு வாசலில் நிற்பாள். "என்னடி சொல்றார்?"

"சும்மா ஜோக்மா. இங்கிலீஷ்ல சொன்னா சிரிப்பு வராது."

"இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இப்ப பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நிக்கிறேன்."

பிறகு அவருக்கு விழுங்க முடியாமல் போயிற்று. கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கிக் காய்ச்சல் வந்தது. இரண்டாவது முறை வந்ததில் நெஞ்சு முழுக்கச் சளி கட்டியது. வயிற்றில் துளையிட்டு, உணவு செலுத்தக் குழாய் வைக்க வேண்டும், அவர் சம்மதம் வேண்டும் என்றார் டாக்டர். தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் குழறலும் அந்த ஊர் வழக்கும் பிடிபடவில்லை. எல்லோரும் கொரினைப் பார்த்தார்கள்.

அவள் குனிந்து, விஷயத்தை ஒழுங்காகவே எடுத்துச் சொன்னாள். ரேயால் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"வேண்டாம் குட்டி," என்றார். "போதும். எனக்குச் சலிச்சுப் போச்சு. என்னை விட்டுடச் சொல்லு உங்கம்மாகிட்ட."

"என்னடி சொல்றார்?" என்றாள் ஷீலா.

நன்றாகப் புரிந்திருந்தது. புரியாத வார்த்தை ஒன்றுமில்லை.

"சரிங்கிறார்," என்றாள் கொரின்.

மறுநாள் குழாய் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ரேயால் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து பிரெஞ்சில் கெஞ்சினாள், பயிற்சிக் குரலை ஓடவிட்டாள், பழைய கதைகளைக் கேட்டாள். அவர் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், மீண்டும் வந்த காய்ச்சலில், ஒரு மத்தியானம் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவும்போது கொரின் சொன்னாள். "அம்மா, அன்னிக்கு அப்பா சரின்னு சொல்லல. வேண்டாம்னுதான் சொன்னார். விட்டுடச் சொன்னார்."

ஷீலா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தெரியும்டி."

"என்னது?"

"அந்த மூஞ்சியைப் பார்த்துப் புரிஞ்சுக்க எனக்குப் பிரெஞ்சு வேணுமா? நீ சரின்னு சொன்னே. நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். நீ சொல்லாம இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"அப்பா கடைசிவரைக்கும் என்னோட பேசலையேம்மா."

ஷீலா ஈரக்கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று கொரின் காத்திருந்தாள். ஷீலா ஒரு கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

தேர்வைத் தள்ளிப்போடலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். கொரின் மறுத்துவிட்டாள். கட்டுரை எழுதினாள், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினாள். காதில் ஹெட்போனை மாட்டியதும் ஒரு பெண் குரல், ஊருக்கு வரும் தோழியை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று கேட்டது. ஒவ்வொரு முறை மணி அடித்ததும் கொரின் மரியாதையாக, தெளிவாக, நேரத்துக்குள் பதில் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஜூலையில் மதிப்பெண் வந்தது, நல்ல மதிப்பெண். கல்லூரியில் மொழிப்பாடத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அவள் வேறு பாடங்களை எடுத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு அப்பாவின் அண்ணன் நோர்மான் வடக்கிலிருந்து போன் செய்தார். தம்பி மகளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை, மூச்சுவிடாமல் பேசினார். அவரிடமிருந்தது அதே குரல், அதே ஊர்ப் பேச்சு. கொரினுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. போனை இறுகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.